மேல்வானக் காற்றை அளத்தல்: பலூன், ராடர், சமுதாயத் தேவை

விஞ்ஞானக் கண்டுபிடிப்புக்கள் தனிமனித மேதையின் திடீர் ஒளிவீச்சிற் பிறப்பவை என்ற கருத்து நமது பாடநூல்களில் இன்றும் வேரூன்றியிருக்கின்றது. நியூற்றனின் அப்பிளும் ஆக்கிமிடீசின் குளியற்றொட்டியும் நம் சிறார்க்கு முதன்முதலிற் சொல்லப்படும் விஞ்ஞானக் கதைகள். இக்கருத்தை ஒழுங்குபடச் சோதனைக்குள்ளாக்கியவர்களுள் ஒருவர் சோவியத் பௌதிகவியலறிஞரான போரிஸ் ஹெசன். 1931 இல் இலண்டனிற் கூடிய விஞ்ஞான வரலாற்று மாநாட்டில், நியூற்றனின் 'பிரின்சிப்பியா'வுக்குப் பின்னணியாகக் கப்பலோட்டம், சுரங்கத்தொழில், பீரங்கிப்போர் ஆகியவற்றின் தேவைகள் அமைந்திருந்தமையை அவர் எடுத்துக்காட்டினார். (ஐந்து ஆண்டுகளின் பின் ஹெசனைச் சுட்டுக்கொன்றது அவரது சொந்த நாட்டின் அரசே என்பதையும், அவர் பெயரைச் சொல்லும் முற்போக்காளர் மறைத்தல் கூடாது.)

ஹெசனின் வாதம் எளிதிற் கொச்சைப்படுத்தப்படக்கூடியது. தேவை எழுந்தது, கருவி வந்தது, அறிவு பிறந்தது என்று ஒரு சூத்திரமாக அதனைச் சுருக்கிவிடுவோர் நம்மிடையேயும் உளர். உண்மை வரலாறு அவ்வளவு நேர்ப்பாதையிற் செல்வதில்லை. சில வேளைகளில் அறிவு முன்னதாகவே பிறந்து, தன்னைக் கேட்பார் இன்றி இருபது ஆண்டுகள் ஓரிடத்திற் கிடக்கின்றது. பின்னர் ஒருநாள் அதற்குத் தேவை வரும்போது, அதனைத் தேடிவருவோர் அதைப் பெற்றெடுத்தவர் விரும்பியவர்களாக இருப்பதில்லை. மேல்வானக் காற்றை அளந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். ஒரு நூல் எழுதப்படுவதற்கும் அது வாசிக்கப்படுவதற்கும் இடையேயுள்ள தூரத்தைப் பற்றிச் சிந்திப்பது இலக்கிய ஆய்வாளரின் தொழில். அதனாலேயே இவ்விடயத்தை இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

முதலில் அளவீட்டின் அடிப்படையை நோக்குவோம். தரையில் வீசும் காற்றை அளப்பதற்குக் கம்பத்தின் உச்சியிற் சுழலும் கிண்ணங்கள் போதும். பத்துக் கிலோமீற்றர் உயரத்திற் கம்பம் நாட்ட முடியாது. ஆகவே காற்றோடு தானும் செல்லும் ஒரு பொருளை மேலே அனுப்பி, அது எங்கெங்கே செல்கின்றது என்று கீழிருந்து பார்ப்பதே வழி. ஐதரசன் நிரப்பிய சிறு இறப்பர்ப் பலூன் இதற்கு ஏற்றது. அது ஏறத்தாழ ஒரே வேகத்தில் மேலெழும். பக்கவாட்டிற் காற்று எவ்வளவு வேகத்தில் வீசுகின்றதோ அவ்வளவு வேகத்தில் தானும் நகரும். இவ்வாறு விடப்படும் பலூனை வழிகாட்டிப் பலூன் எனலாம். நில அளவையாளர் பயன்படுத்தும் தியோடலைற்றைச் சற்று மாற்றியமைத்து, அதன் தொலைநோக்கியால் ஒருவர் பலூனைப் பின்தொடர்வார். நிமிடத்துக்கு ஒருமுறை திசைக்கோணத்தையும் ஏற்றக்கோணத்தையும் இன்னொருவர் எழுதிக்கொள்வார். இரவிலே பலூனின் கீழ்க் கடதாசிக் கூண்டில் ஒரு மெழுகுதிரியை ஏற்றிக் கட்டிவிடுவது முற்காலத்து வழக்கம்.

பலூன் செக்கனுக்கு 5 மீற்றர் வீதம் ஏறுகின்றது எனக் கொள்வோம். பத்து நிமிடத்தில் அது 3000 மீற்றர் உயரத்தில் இருக்கும். அப்போது ஏற்றக்கோணம் 30 பாகையாயின், உயரத்தைக் கோணத்தின் கோதான்சனாற் பெருக்க, பலூன் நம் தலைக்கு நேர்மேலிருந்து ஏறத்தாழ 5200 மீற்றர் தூரம் விலகிச் சென்றிருப்பது தெரியவரும். அடுத்த நிமிடத்தில் இதே கணக்கை மீண்டும் செய்து, இரு நிலைகளுக்கும் இடையேயுள்ள தூரத்தை 60 ஆல் வகுத்தால் அவ்வுயரத்துக் காற்றின் வேகம் கிடைக்கும். பாடசாலை மாணவரும் செய்யக்கூடிய கணக்கு இது. ஆயின் இதில் ஒரு பெரிய ஊகம் மறைந்துள்ளது. பலூனின் உயரத்தை நாம் அளக்கவில்லை. நேரத்தைக் கொண்டு ஊகித்தோம். காற்றின் ஏற்ற இறக்கத்தாலோ இறப்பரின் கசிவாலோ பலூன் நாம் நினைத்ததினும் பத்து வீதம் மெதுவாக ஏறியிருப்பின், நாம் கணித்த வேகமும் பத்து வீதம் மிகையாகிவிடும். முகில் வந்து மறைத்தாலோ கணக்கே இல்லை.

இத்தகைய எளிய கருவியைக் கொண்டே யப்பானில் ஒரு முக்கிய உண்மை வெளிக்கொணரப்பட்டது. தோக்கியோவுக்கு வடகிழக்கே தத்தெனோ என்னுமிடத்தில் 1920 இல் மேல்வளி அவதான நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் முதற்பணிப்பாளர் ஓயிஷி வசபுரோ. ஜேர்மனியின் லின்டென்பேர்க் நிலையத்தில் இத்துறையைப் பயின்று திரும்பியவர். 1923 மார்ச் முதல் 1925 பெப்ரவரி வரை அவரும் அவரது ஊழியரும் 1288 பலூன்களை அவதானித்தனர். மாரிகாலத்தில் எட்டு, ஒன்பது கிலோமீற்றர் உயரத்துக்கு மேல் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மிகக் கடுமையான காற்று இடையறாது வீசுவதை அவதானிப்புக்கள் காட்டின. 1924 டிசம்பரில் ஒருநாள் அதன் வேகம் செக்கனுக்கு 70 மீற்றரையும் தாண்டியது. மணிக்கு 250 கிலோமீற்றர் எனலாம். பிற்காலத்தில் ஜெற் ஓட்டம் என்று உலகெங்கும் பெயர் பெற்ற காற்று இதுவே. தமிழில் இதனைத் தாரை ஓட்டம் என்போம்.

தத்தெனோவின் வெற்றிக்குப் புவியியலும் துணைபுரிந்தது. மாரியில் யப்பானின் மேற்குக் கரையிற் பனி கொட்டும். மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்குச் சமவெளிக்கு வரும் காற்று ஈரத்தை இழந்து வறண்டுவிடும். ஆகவே காற்று மிகக் கடுமையாக வீசும் அதே பருவத்திற் கிழக்கு வானம் தெளிந்திருக்கும். ஐம்பது கிலோமீற்றர் தூரத்துப் பலூனையும் கண்ணாற் பின்தொடர அந்த வானம் இடங்கொடுத்தது. முகில் மூடிய வட ஐரோப்பிய மாரியில் இத்தகைய தொடர் அவதானிப்பு அரிதினும் அரிது.

1926 இல் வெளிவந்த தத்தெனோ நிலையத்தின் முதல் அறிக்கையை ஓயிஷி யப்பானிய மொழியில் எழுதவில்லை. ஆங்கிலத்திலோ ஜேர்மன் மொழியிலோ எழுதவுமில்லை. எஸ்பெராந்தோவில் எழுதினார். எந்த வல்லரசுக்கும் உரித்தாகாத பொதுமொழி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் முதலாம் உலகப் போரின் பின் பல நாடுகளின் முற்போக்காளரைக் கவர்ந்திருந்தது. யப்பானிய எஸ்பெராந்தோ நிறுவனத்திற் பின்னர் தலைமைப் பொறுப்பு வகித்த ஓயிஷிக்கு இது வெறும் பொழுதுபோக்கன்று; கொள்கை. அறிக்கையோ உலக வானிலையறிஞரின் கவனத்தைப் பெறவில்லை.

இக்கதையை இன்று எடுத்துரைப்போர் பலர், எஸ்பெராந்தோவில் எழுதியமையாலேயே ஓயிஷியின் கண்டுபிடிப்பு புதையுண்டது என்று முடித்துவிடுகின்றனர். பெருமொழியில் எழுதாதவனுக்கு இதுவே கதி என்ற எச்சரிக்கையும் உடன்வருகின்றது. தாய்மொழியில் விஞ்ஞானம் எழுதவேண்டும் என்று வாதிடும் நம் போன்றோர் இம்முடிவை அப்படியே ஏற்பதற்கு முன் சற்று நின்று ஆராய்தல் வேண்டும்.

மொழி ஒரு தடையாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதுவே முழுக்காரணமாயின், பெருமொழியில் எழுதப்பட்டது உடனே கவனம் பெற்றிருக்க வேண்டும். 1939 இல் ஜேர்மன் வானிலையறிஞர் ஹைன்றிக் ஸைல்கொப், விமானிகளுக்கான வானிலைக் கைந்நூல் ஒன்றில், இவ்வகைக் காற்றுக்குத் தாரை ஓட்டம் என்று பொருள்படும் ஜேர்மன் பெயரையே சூட்டி எழுதினார். அக்காலத்தில் பௌதிகத்தின் தலையாய மொழிகளுள் ஒன்று ஜேர்மன். அப்படியிருந்தும் அக்கருத்து பொதுவழக்காகவில்லை. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ரொஸ்பியும் அவரது குழுவினரும் 1947 இல் தமது ஆய்வை வெளியிட்ட பின்னரே ஜெற் ஓட்டம் அனைவர் வாயிலும் புகுந்தது. 1926 க்கும் 1947 க்கும் இடையில் மாறியது யாது? 1926 இல் விமானங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோமீற்றர் உயரத்திற் பறந்தன. ஒன்பது கிலோமீற்றர் உயரத்துக் காற்று எவருடைய இலாபநட்டத்தையும் தொடவில்லை. எந்தச் சேனைக்கும் அது தேவைப்படவில்லை. 1944 இல் நிலைமை வேறு.

1944 நவம்பர் 24 அன்று மரியானாத் தீவுகளிலிருந்து 111 அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் தோக்கியோவின் புறத்தேயிருந்த விமான எஞ்சின் தொழிற்சாலை ஒன்றை நோக்கிப் புறப்பட்டன. ஒன்பது கிலோமீற்றர் அளவு உயரத்தில், அமுக்கம் நிலைநிறுத்திய அறைகளுடன், மிகத் துல்லியமான குறிபார்க்கும் கருவிகளுடன் அவை வந்தன. யப்பானை அடைந்ததும் மேற்கிலிருந்து வந்த காற்றில் அவை அகப்பட்டன. காற்று முதுகில் தள்ள, தரையோடு ஒப்பிடுகையில் அவற்றின் வேகம் மணிக்கு 700 கிலோமீற்றரைத் தாண்டியது. குறிபார்க்கும் கருவிகள் அத்தகைய வேகத்துக்கு அமைக்கப்பட்டவையல்ல. 24 விமானங்களே தொழிற்சாலைமீது குண்டு போட்டன. ஓயிஷி இருபது ஆண்டுகளுக்கு முன் அளந்து அச்சிட்ட காற்றை, அவரது நிலையத்துக்கு அண்மையிலேயே, உலகின் மிகப் பெரிய ஆகாயப்படை தன் செலவிற் கண்டுபிடித்துக்கொண்டது எனலாம்.

அடுத்த சில மாதங்களிலும் உயரத்திலிருந்து போட்ட குண்டுகள் பெரும்பாலும் இலக்குத் தவறின. 1945 மார்ச் 9-10 இரவில் அமெரிக்க விமானங்கள் தாழப் பறந்து தோக்கியோவின் தொழிலாளர் குடியிருப்புக்கள்மீது தீக்குண்டுகளைச் சொரிந்தன. ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் மாண்டனர். இந்த உபாய மாற்றத்துக்கு மேல்வானக் காற்றும் முகிலும் காரணம் என்று போர்வரலாற்று நூல்கள் கூறுகின்றன. காற்று ஒரு காரணமாயிருந்திருக்கலாம். குடிமக்களின் மரவீடுகளை எரிப்பது என்ற முடிவு மனிதர் எடுத்த முடிவு.

மறுபுறத்தில் யப்பானியச் சேனையும் அக்காற்றைப் பயன்படுத்தியது. தம் நாட்டு நிலையங்களின் மேல்வளி அவதானிப்புக்களைக் கொண்டு, பசிபிக் சமுத்திரத்தைப் பலூன் ஒன்று சில நாள்களிற் கடந்துவிடும் என்று வானிலையறிஞர் கணித்தனர். 1944 நவம்பர் முதல் 1945 ஏப்பிரல் வரை ஏறத்தாழ 9300 பலூன்கள் குண்டுகளைச் சுமந்து அமெரிக்கக் கண்டத்தை நோக்கி விடப்பட்டன. பத்து மீற்றர் விட்டமுள்ள இப்பலூன்கள் கடதாசியாற் செய்யப்பட்டவை. முசுக்கட்டை இனத்து மரத்தின் நாரிலான கடதாசித் தாள்களைக் கொன்யாக்கு என்னும் கிழங்கின் பசையால் ஒட்டும் வேலையிற் பாடசாலை மாணவிகள் பெருந்தொகையாக ஈடுபடுத்தப்பட்டனர். பலூன் செல்லும் பாதையை அறிவதற்காகச் சில பலூன்கள் குண்டுக்குப் பதிலாக வானொலிக் கருவிகளைச் சுமந்து சென்றன. முந்நூறு அளவிலானவையே வட அமெரிக்காவிற் காணப்பட்டன. 1945 மே 5 அன்று ஓரிகன் மாநிலக் காட்டில் உல்லாசப் பயணம் வந்த ஒரு பெண்ணும் ஐந்து சிறுவரும் அத்தகைய குண்டொன்றினால் இறந்தனர். எல்லா மக்களுக்கும் பொதுவான மொழியில் எழுதப்பட்ட அறிவின் முதற் பெரும் பயன்பாடு இதுவாயிற்று.

இனி ராடருக்கு வருவோம். தத்தெனோ முறையின் குறைகளை எண்ணிக்கையாற் காண்பது பயனுடையது. பலூன் 9 கிலோமீற்றர் உயரத்தை அடைய முப்பது நிமிடம் செல்லும். வழியிற் காற்றின் சராசரி வேகம் செக்கனுக்கு 30 மீற்றராயின், அது 54 கிலோமீற்றர் தூரம் சென்றிருக்கும், ஏற்றக்கோணம் 9.5 பாகைக்குச் சற்றுக் குறையும். இந்நிலையிற் கோணத்தைப் பார்ப்பவர் பாகையில் பத்திலொரு பங்கு பிழைவிட்டாற்கூடக் கிடைத்தூரம் ஏறத்தாழ 580 மீற்றர் பிசகிவிடும். ஒரு நிமிட இடைவெளியிற் கணித்தால் இது காற்றின் வேகத்திற் செக்கனுக்குப் பத்து மீற்றர்ப் பிழை. எந்தக் காற்று மிக வேகமாக வீசுகின்றதோ அதனையே இம்முறை மிக மோசமாக அளக்கின்றது. ஓயிஷி பல நூறு பலூன்களின் சராசரியை எடுத்ததன் பொறுமையை இவ்விடத்தில் மெச்சவேண்டும்.

ராடர் தூரத்தை நேராகவே அளக்கின்றது. சிறு வானொலித் துடிப்பு ஒன்றை அனுப்பி, அது பொருளிற் பட்டுத் திரும்பும் நேரத்தைப் பார்ப்பதே அதன் தத்துவம். வானொலி அலை செக்கனுக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். ஆகவே 30 கிலோமீற்றர் தூரத்துப் பொருளிலிருந்து எதிரொலி செக்கனில் 5000 இல் ஒரு பங்கு நேரத்தில் மீளும். மேற்கூறிய அதே பலூனை ராடராற் பார்த்து, கோணத்தில் அதே பத்திலொரு பாகைப் பிழையை விட்டாலும், கிடைத்தூரத்திற் பிழை 16 மீற்றர் அளவே. கோணப்பிழை இப்போது உயரத்துக்குள் சென்றுவிடும். அங்கு அது நூறு மீற்றருக்கும் குறைவு. பலூன் எவ்வளவு வேகமாக ஏறியது என்ற ஊகமும் தேவையில்லை. சாய்தூரமும் கோணமும் உயரத்தைத் தந்துவிடும். முகிலும் இருளும் தடையல்ல. புவியின் வளைவுக்கு மட்டும் திருத்தம் செய்தல் வேண்டும்: நூறு கிலோமீற்றர் தூரத்தில் அது ஏறத்தாழ 800 மீற்றர். அலை வளியில் வளைந்து செல்வதால் நடைமுறையில் இத்திருத்தம் சற்றுக் குறையும்.

இறப்பரும் ஐதரசனும் வானொலி அலைக்கு ஏறத்தாழத் தெரியாப் பொருள்கள். ஆகவே பலூனின் கீழே ஒரு தெறிப்பானைத் தொங்கவிடுதல் வேண்டும். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று உலோகத் தாள்களை மூலையாகப் பொருத்தினால், எத்திசையிலிருந்து வரும் அலையும் மூன்று முறை தெறித்து வந்த திசைக்கே திரும்பும். அறையின் மூலையில் எறிந்த பந்து எறிந்தவனிடமே மீள்வது போன்றது இது. மெல்லிய உலோகத்தாளும் மரக்குச்சிகளும் போதும். பிரித்தானியாவில் இவ்வேலைக்கு முதலில் வந்தவை விமான எதிர்ப்புப் பீரங்கிகளை வழிநடத்த அமைக்கப்பட்ட ராடர்களே. எதிரி விமானத்தைத் தொடரும் அதே பொறி பலூனைத் தொடர்ந்தது. சொல்லப்போனால், பீரங்கிப் படைக்கும் மேல்வானக் காற்றுக்கும் உள்ள உறவு முதலாம் உலகப் போர்க்காலத்தது. குண்டு செல்லும் பாதையைக் கணிக்க அன்றே வழிகாட்டிப் பலூன்கள் விடப்பட்டன.

இந்த இறப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. வானிலைப் பலூன் இறப்பர்ப் பாலினாற் செய்யப்படுவது. தரையில் இரண்டு மீற்றர் விட்டமுள்ள பலூன் 30 கிலோமீற்றர் உயரத்தில் எட்டு மீற்றர் அளவுக்கு விரிந்து பின்னரே வெடிக்கின்றது. மெல்லிய தோல் இவ்வளவு தூரம் கிழியாது விரிவது இயற்கை இறப்பரின் அரிய பண்பு. தத்தெனோவின் காலத்தில் உலகின் இறப்பரிற் பெரும்பகுதி மலாயாவிலும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளிலும் இலங்கையிலும் இருந்தே வந்தது. மலாயாவிலும் இலங்கையிலும் அதிகாலையிற் பால்வெட்டியவர்களுட் பெருந்தொகையினர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர். 1942 இல் மலாயா யப்பானியர் கைப்பட்டபோது அமெரிக்கா செயற்கை இறப்பரை நோக்கித் திரும்பியது. நியோப்பிரீன் பலூன்களும் பயனுக்கு வந்தன. வானிலையியல் வரலாறுகள் பலூனைப் பற்றி நிறையப் பேசுகின்றன. பால்வெட்டியவர் அவற்றில் இல்லை.

போருக்கு முன்னரேயே பலூனிற் கட்டி அனுப்பும் வானொலிக் கருவி உருவாகியிருந்தது. பிரான்சில் ரொபேர் பியூரோ 1929 இலும், லெனின்கிராட்டை அடுத்த பவ்லொவ்ஸ்கில் பாவெல் மொல்சானொவ் 1930 இலும் வெற்றி கண்டனர். அமுக்கம், வெப்பநிலை, ஈரப்பதன் ஆகியவற்றை அக்கருவி கீழே அறிவிக்கும். அமுக்கமும் வெப்பநிலையும் தெரிந்தால் உயரத்தைக் கணிக்கலாம். ஐக்கிய அமெரிக்கா போருக்குப் பின் இவ்வழியையே பெரிதும் கைக்கொண்டது: வானொலிக் கருவியின் திசையை அலைவாங்கியாற் பின்தொடர்ந்து, உயரத்தை அமுக்கத்தாற் பெறும் முறை. இதில் விலையுயர்ந்த ராடர் வேண்டியதில்லை; ஆயின் தாழ்ந்த கோணத்தின் பிழை, தியோடலைற்றுக்கு இருந்தவாறே, மீண்டும் வந்து சேர்கின்றது. சோவியத் ஒன்றியம் 1950களின் பிற்பகுதி முதல் 'மெத்தியோரித்' எனும் ராடரைத் தன் நிலையங்களில் அமைத்தது. பலூனிற் செல்லும் கருவியே ராடருக்கு மறுமொழி கூறுமாறு செய்யப்பட்டிருந்தமையால் நீண்ட தூரம் வரை தொடர முடிந்தது.

மத்தியகோட்டுப் பிரதேசத்தின் வானம் நெடுங்காலம் எவராலும் ஒழுங்காக அளக்கப்படவில்லை. அங்குள்ள மேல்வானக் காற்றைப் பற்றி முதலில் அறிவித்தது எரிமலை ஒன்று. 1883 ஓகஸ்ட் 27 அன்று கிரகதோவா வெடித்தது. அதன் நுண்துகள்கள் கிழக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ இரு வாரங்களில் உலகைச் சுற்றிவந்தன. செப்ரெம்பர் மாதத்தில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சை நிறமாகத் தோன்றியதைப் பலர் கண்டு பதிவு செய்தனர். ஆகவே மத்தியகோட்டின் மேல் உயரத்திற் கிழக்குக் காற்று வீசுகின்றது என்பது முடிவாயிற்று. 1908 இல் ஆபிரிக்காவின் விக்டோரியா ஏரிக்குச் சென்ற ஜேர்மன் அறிஞர் ஆர்தர் பேர்சன் பலூன் விட்டபோது ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் உயரத்தில் மேற்குக் காற்றைக் கண்டார். இரண்டும் எப்படி உண்மையாகலாம்? கிழக்குக் காற்றின் நடுவே மேற்குக் காற்று ஒரு குறுகிய நாடாவாக ஓடுகின்றது என்று அரைநூற்றாண்டுக் காலம் சமாதானம் கூறப்பட்டது.

விடை கிடைத்தது 1960, 1961 அளவில். பிரித்தானியாவில் எப்டன், வெரியார்ட் ஆகியோரும் ஐக்கிய அமெரிக்காவில் ரீட் என்பவரும் மத்தியகோட்டு நிலையங்களின் நீண்ட பதிவுகளைப் பார்த்தனர். படைமண்டலத்திற் காற்று ஓராண்டுக்கு மேல் கிழக்கிலிருந்தும், பின்னர் ஓராண்டுக்கு மேல் மேற்கிலிருந்தும் மாறிமாறி வீசுகின்றது. சராசரியாக 28 மாதத்திற்கு ஒரு சுற்று. புதிய காற்று உயரத்திலே தொடங்கி, மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் வீதம் கீழிறங்கி வருகின்றது. எரிமலையும் பேர்சனும் பொய் சொல்லவில்லை. இருவரும் வெவ்வேறு ஆண்டுகளில் நோக்கினர்.

இவ்வுண்மையின் பின்னாலுள்ள நிலையங்களைக் கவனித்தல் தகும். 1953 முதல் 1967 வரை பசிபிக்கின் நடுவிலுள்ள கன்டன் தீவு. 1967 முதல் 1975 வரை மாலைதீவின் தென்கோடியிலுள்ள கன் தீவு. 1976 முதல் சிங்கப்பூர். இம்மூன்று இடங்களின் பதிவுகளை ஒட்டித் தைத்தே அத்தொடர் ஆக்கப்பட்டுள்ளது. கன்டன், ஐக்கிய அமெரிக்காவும் பிரித்தானியாவும் கூட்டாக ஆண்ட, விமானங்கள் இடையில் இறங்கும் பவளத்தீவு. கன் தீவு, இலங்கையிலிருந்த தளங்களைப் பிரித்தானியா இழந்த காலத்தில், 1957 முதல் 1976 வரை அதன் விமானப்படைத் தளமாக இருந்தது. ஏகாதிபத்தியத்தின் விமானப் பாதை சென்ற இடங்களிற் பலூன் ஏறியது. பாதை மாறியபோது நின்றது. மத்தியகோட்டு வானத்தின் தாளத்தை மனிதகுலம் அறிந்தது இவ்வாறு விட்டுச்சென்ற ஏடுகளிலிருந்துதான். அதன் பொருட்டு நாம் தளங்களைப் போற்றவேண்டியதில்லை. ஏடுகளைப் புறக்கணிக்கவும் இயலாது. 2016 இன் தொடக்கத்தில் இத்தாளம் பதிவு தொடங்கிய பின் முதன்முறையாகக் குலைந்தது. அதனை அசாதாரணம் என்று கூற முடிந்தது முந்திய அறுபது ஆண்டுப் பதிவு இருந்தமையாலேயே.

பலூனே இல்லாது காற்றை அளக்கும் ராடரும் உண்டு. அதன் தொடக்கம் மூன்றாம் உலக நாடொன்றில் நிகழ்ந்தது. பெருவின் தலைநகர் லீமாவுக்கு அண்மையில், ஹிக்கமார்க்கா என்னும் வறண்ட பள்ளத்தாக்கில், 1960களின் தொடக்கத்தில் 18,432 இருமுனை அலைவாங்கிகளைக் கொண்ட பெருநிலையம் கட்டப்பட்டது. அதன் நோக்கம் மிக உயரத்திலுள்ள அயன் மண்டலத்தை ஆராய்தல். கட்டியது ஐக்கிய அமெரிக்காவின் பணம். ஆனால் அக்கருவியால் தெளிந்த வானத்துக் காற்றையே அளக்கலாம் என்று 1974 இல் காட்டியவர்கள் ரொனால்ட் வூட்மன், அல்பேட்டோ கியென் என்ற பெரு நாட்டு ஆய்வாளர். வளியிலுள்ள கொந்தளிப்பு அடர்த்தியில் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளை உண்டாக்குகின்றது. ஆறு மீற்றர் அலைநீளமுள்ள ராடர் அலை, அதன் பாதியான மூன்று மீற்றர் அளவுள்ள ஏற்றத்தாழ்வுகளிலிருந்து மிக மெல்லிய எதிரொலியைப் பெறும். அவை காற்றோடு நகர்வதால் எதிரொலியின் அதிர்வெண் மாறும். செக்கனுக்கு பத்து மீற்றர் வேகத்தில் நம்மை நோக்கி வரும் காற்று, ஐந்து கோடி அதிர்வுகளில் மூன்று அதிர்வுகளையே கூட்டுகின்றது. அந்த மூன்றைப் பிரித்தறிவதே கலை. பின்னர் திருப்பதிக்கு அண்மையிலுள்ள கடங்கியில் 1024 அலைவாங்கிகளுடன் இந்தியா அமைத்த ராடரும் இவ்வகையினதே. 1990களிலிருந்து தென்னிந்திய வானின் காற்றை அது நோக்கி வருகின்றது. இவ்வகை ராடர் காற்றை இடைவிடாது அளக்கும். பலூனோ நாளுக்கு இரு முறைதான். எனினும் வெப்பநிலையையும் ஈரத்தையும் நேரிற் சென்று தொட்டு அறிவது பலூனே.

1990களின் பின் பல நாடுகளில் ராடரின் இடத்தைச் செய்மதிகள் பிடித்துக்கொண்டன. பலூனிற் செல்லும் சிறு கருவியே செய்மதிகளின் சைகைகளைக் கேட்டுத் தன் இருப்பிடத்தை அறிந்து கீழே சொல்லிவிடும். தரையிற் பெரிய பொறி தேவையில்லாமையால் வறிய நாடுகளுக்கு இது வசதியென்று கூறப்படுகின்றது. ஓரளவு உண்மை. ஆயின் முன்னர் ஒருமுறை வாங்கிய ராடர் பல ஆண்டு உழைத்தது. மேலே சென்றபின் பெரும்பாலும் திரும்பக் கிடைக்காத கருவியை இப்போது ஒவ்வொரு பலூனுக்கும் புதிதாக வாங்கவேண்டும். அந்நியச் செலாவணி இல்லாத ஆண்டில் முதலிற் குறைவது எது என்பதை நம் வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை.

உலகின் பல நூறு நிலையங்களில் கிறீனிச் நேரம் 0 மணிக்கும் 12 மணிக்கும் பலூன்கள் மேலெழுகின்றன. நம் கடிகாரத்தில் காலை 5.30, மாலை 5.30. எல்லா நாடுகளும் ஒரே நேரத்தில், தம் வானத்தைப் பற்றிய செய்தியை விலையின்றிப் பரிமாறிக்கொள்ளும் ஒழுங்கு இது; குளிர்யுத்தத்தின் கொடிய ஆண்டுகளிலும் இது நிற்கவில்லை. காற்றுக்கு எல்லை இல்லை என்பதால், ஒரு நாட்டின் வானிலை எதிர்வுகூறல் மற்றொரு நாட்டின் பலூனில் தங்கியுள்ளது. 2015 இல் ருசியா பணநெருக்கடியால் தன் நிலையங்களில் நாளுக்கு ஒரு பலூன் என்று சில காலம் குறைத்தது. 2025 இல் உலகின் மிகச் செல்வம் படைத்த நாடும் அவ்வழிச் சென்றது. பெப்ரவரி இறுதியில் அலாஸ்காவின் கொட்செபு நிலையத்திலும், மார்ச்சில் ஒமாஹாவிலும் ரப்பிட் சிற்றியிலும் ஐக்கிய அமெரிக்க வானிலைச் சேவை பலூன் விடுவதை நிறுத்தியது. ஐதரசனுக்கோ ஈலியத்துக்கோ பலூனுக்கோ தட்டுப்பாடு ஏற்படவில்லை. அவற்றை ஏற்றிவிட ஊழியர் போதாது என்பதே அறிவிப்பிற் கூறப்பட்ட காரணம்.